பழைய டிக்கெட் எண்களைப் புதிய மென்பொருளில் ஏற்றினால் 449 வரி "நகல்" என்று தள்ளப்படுகிறது

விழாக்குழு

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். எங்கள் இசை நிகழ்ச்சிக்கான டிக்கெட்டை பழைய மென்பொருளில் விற்றோம். வாசலில் சரிபார்க்க மட்டும் வேறொன்றுக்கு மாறுகிறோம், ஏனென்றால் நுழைவாயில் மூன்று, பழையதில் ஒரு போனில்தான் ஸ்கேன் செய்ய முடியும். மக்கள் கையில் டிக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திரும்ப வாங்கி வேறு தர வழியே இல்லை, அதனால் பழைய எண்களையே புதியதில் ஏற்றியாக வேண்டும்.

பழையதிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைப் பட்டியல்) எடுத்தேன், 1,840 வரி. பெயரும் இனிஷியலும் ஒரே பத்தியில் இருந்ததால் எக்செலில் திறந்து பிரித்தேன், டிக்கெட் எண் 7.3E+15 என்பது போலத் தெரிந்ததால் அந்தப் பத்தியை "எண்" வடிவத்துக்கு மாற்றிச் சேமித்து ஏற்றினேன். 1,391 தான் ஏறியது. மீதி 449 "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்று திரும்பி வந்துவிட்டது. பார்த்தால் எல்லாமே குடும்பமாக வாங்கியவர்கள்: நான்கு டிக்கெட் வாங்கியவருக்கு ஒன்று ஏறி மூன்று தள்ளப்பட்டிருக்கிறது, சிலருக்கு மட்டும் இரண்டு ஏறியிருக்கிறது. அதைவிடக் குழப்பம், ஏறிய டிக்கெட்டை ஸ்கேன் செய்தாலும் "டிக்கெட் இல்லை" என்கிறது, ஆனால் என் தங்கையின் டிக்கெட் மட்டும் சரியாகப் பச்சை காட்டியது. இது போக கையால் விற்ற அச்சு டிக்கெட் 600, 0001-லிருந்து 0600 வரை, பார்கோடு உண்டு. அதில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மென்பொருளில் கோளாறா, நான் செய்ததில் தவறா?

வரிசை_எண்

உங்கள் டிக்கெட் எண் 16 இலக்கமா? அப்படியென்றால் மென்பொருளில் கோளாறு இல்லை, எக்செல் வேலை இது. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 16-வது இலக்கத்தை எடுத்துவிட்டு 0 போட்டுவிடும். புதிய பதிப்புகள் சில திறக்கும்போது கேட்கும், பழையவற்றில் எந்த எச்சரிக்கையும் வராது.

உதாரணமாக ஒருவர் வாங்கிய நான்கு டிக்கெட் 7304418825096213, 6214, 6215, 6216 என்று முடிந்தால், சேமித்த பிறகு நான்குமே 6210. அதனால்தான் ஒன்று ஏறி மூன்று நகல். அதுவே 6218-ல் தொடங்கி 6221 வரை போனால் முதல் இரண்டும் 6210, அடுத்த இரண்டும் 6220, அந்த ஆளுக்கு இரண்டு ஏறும். உங்கள் தங்கையின் எண் பூஜ்ஜியத்தில் முடியும், பார்த்துச் சொல்லுங்கள்.

அச்சு டிக்கெட்டிலும் இதே கதை. 0417 என்பதை எக்செல் 417 ஆக்கிவிடும், ஸ்கேனர் 0417 என்று படிக்கும், இரண்டும் பொருந்தாது.

சேமித்த கோப்பைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், போன இலக்கம் அதில் இல்லை. பழைய மென்பொருளிலிருந்து மறுபடி எடுங்கள். எடுத்ததை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்செலுக்குள் போய் "தரவு" பகுதியில் சிஎஸ்வி-யைக் கொண்டுவரும் வழியாகத் திறந்து, டிக்கெட் எண் பத்தியையும் தொலைபேசிப் பத்தியையும் "உரை" என்று மாற்றிவிட்டு அப்புறம் உள்ளே எடுங்கள். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க் திறக்கும்போதே பத்தி வகையைக் கேட்கும், எனக்கு அதுதான் வசதி. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழில் உள்ள பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமித்ததைச் "சும்மா பார்க்கலாம்" என்று மறுபடி இரட்டைக் கிளிக் செய்து, கையோடு சேமித்தும் வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், ஏனென்றால் பத்தி உரையா எண்ணா என்ற தகவல் சிஎஸ்வி-யில் சேமிக்கப்படுவதே இல்லை. பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் பாருங்கள்.

வாசல்_பொறுப்பு

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஏற்றுவதற்கு முன் இன்னொன்று பார்த்துவிடுங்கள்: க்யூஆர் சதுரத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருப்பதும் ஒன்றேதானா? உங்களுக்கு ஒரு டிக்கெட் வேலை செய்ததால் பெரும்பாலும் ஒன்றுதான். இருந்தாலும் சில மென்பொருள்கள் உள்ளே ஒரு முழு இணைய முகவரியையே வைத்திருக்கும், எண் அதன் கடைசியில் வரும். ஸ்கேனருக்குத் தெரிவது உள்ளே இருப்பது மட்டும்தான்.

சோதிப்பது சுலபம். யூஎஸ்பி ஸ்கேனர் விசைப்பலகை போலத்தான் வேலை செய்யும், கணினியில் நோட்பேடைத் திறந்து வைத்து டிக்கெட்டைக் காட்டினால் உள்ளே உள்ளதை அப்படியே தட்டச்சு செய்துவிடும். அந்த வரியை உங்கள் கோப்பில் தேடுங்கள். மின்னஞ்சலில் போனது ஒன்று, அச்சு டிக்கெட் ஒன்று, இலவச அழைப்பு ஒன்று, ரத்தானது ஒன்று என வகைக்கு ஒன்றாவது பாருங்கள். ரத்தான டிக்கெட் பச்சை காட்டினால் அது பெரிய ஆபத்து, பணத்தைத் திரும்ப வாங்கியவரும் உள்ளே வந்துவிடுவார், பட்டியலில் "ரத்து" என்று ஒரு பத்தி இருந்தால் அந்த வரிகளை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பழைய_பட்டியல்

ஏற்றும் முன் புதிய மென்பொருளில் "வாங்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பு" என்ற இடத்தை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. நான் ஒருமுறை கவனிக்காமல் ஏற்றினேன், வாங்கியவர்களுக்கெல்லாம் புதிய எண்ணோடு இன்னொரு டிக்கெட் போய்விட்டது. எண் பத்தியைச் சரியாக இணைக்காததால் மென்பொருள் தானாகவே எண் உருவாக்கிக்கொண்டது. நிகழ்ச்சியன்று பழைய டிக்கெட்டோடு வந்த ஓர் அம்மா, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சிவப்பு விளக்கு முன்னால் நின்றார். "நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது.

வாங்கியவர் விவரத்தில் பெயரும் ஒரு தொடர்பு எண்ணும் போதும். முகவரி, பிறந்த தேதி எல்லாம் பழைய கோப்பில் இருந்தாலும் புதியதற்குக் கொண்டுபோகாதீர்கள், வாசலில் நிற்கும் தன்னார்வலர் போனில் அதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வேலை முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்ட சிஎஸ்வி-யையும் நீக்கிவிடுங்கள்.

விழாக்குழு

எல்லோருக்கும் நன்றி. தங்கையின் எண் பூஜ்ஜியத்தில்தான் முடிகிறது! முன்பு ஏறியதையெல்லாம் அழித்துவிட்டு, மறுபடி எடுத்து, மின்னஞ்சலை அணைத்துவிட்டு ஏற்றினேன். ரத்தானவை 23, அதை நீக்கியதும் 1,817, அத்தனையும் ஏறிவிட்டது. அச்சு டிக்கெட் 600-ம் ஏறியது, 0417 பச்சை. ஆனால் நோட்பேடில் பார்த்தபோது இலவச அழைப்புகளில் எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கிறது, கோப்பிலா டிக்கெட்டிலா என்று புரியவில்லை.

வரிசை_எண்

ஸ்கேன் செய்தபோதும் அந்த இடைவெளி வந்ததா? வந்தால் டிக்கெட்டிலேயே இருக்கிறது, கோப்பிலும் அப்படியே விடுங்கள். ஸ்கேனில் வரவில்லை, கோப்பில் மட்டும் என்றால் நீக்கிவிட்டு அந்த வரிகளை மட்டும் மறுபடி ஏற்றுங்கள்.

விழாக்குழு

கோப்பில் மட்டும்தான். நீக்கி ஏற்றிவிட்டேன், கையில் இருந்த மூன்று அழைப்பும் பச்சை காட்டின. நாளை மூன்று வாசலுக்கும் நிற்கப் போகிறவர்களை வரச் சொல்லி, ஒரே டிக்கெட்டை இரண்டு போனில் அடுத்தடுத்துக் காட்டிப் பார்க்கப் போகிறோம், இரண்டாவது போன் சிவப்பு காட்டுகிறதா என்று.