ஒன்பதாம் மாத ஊசியை மாமியார் தடுக்கிறார்: எப்படி எடுத்துச் சொல்வது?

கேள்வி (ஏற்காட்டுத் தாய்):
நாங்கள் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டதால் வரும் புதன்கிழமை தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டும். பதினான்காம் வார ஊசிக்குப் பிறகு தொடையில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டியும் இரண்டு இரவு காய்ச்சலும் வந்தன. அப்போது விடியும்வரை அவனைத் தோளில் சுமந்தவர் என் மாமியார்தான். 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்த செய்தியையும் அவர் மறக்கவில்லை. “மணல்வாரி (தட்டம்மை) என்பது அம்மன் வந்து போவது, வேப்பிலை போதும்” என்கிறார். அவர் மனம் நோகாமல் என்ன சொல்வது?

பதில் 1 (சேலம், கோட்டைப் பகுதி):
அம்மனுக்கும் ஊசிக்கும் பகை மூட்டிவிடாதீர்கள். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1977-இல் அறிவிக்கப்பட்ட பிறகும், ஆடி மாதத்தில் எங்கள் கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டம் குறைந்ததில்லை. முகமெல்லாம் தழும்போடு வாழ்ந்த என் தாயார், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே கையால்தான் எங்களை ஊசிக்கு அழைத்துச் சென்றார்.

பதில் 2 (அயோத்தியாப்பட்டணம், ஒரு தந்தை):
கேள்வி கேட்டாலே எரிந்து விழுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். 2017-இல் இதே ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. பொறுமையாக விளக்க ஆளில்லாத இடத்தில் வதந்திதான் பேசும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்):
அம்மா, உங்கள் மாமியாரின் பயம் அறியாமை அன்று. பார்த்ததையும் கேட்டதையும் வைத்துப் பேசுகிறார். பதினான்காம் வாரத்தில் வந்த காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அந்த ஊசியில் உள்ள கக்குவான் இருமல் தடுப்பு மருந்துப் பகுதியே காரணம். அது தட்டம்மை ஊசியில் கிடையாது. தட்டம்மை ஊசியை வலது மேற்கையில் போடுவார்கள். அன்றே தொடையில் வேறு ஊசியும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் ஒரு வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு லேசான தடிப்போடு வரும். இதை அவர் அறியாவிட்டால் “பார்த்தாயா, அம்மை வந்துவிட்டது” என்பார்.

மணல்வாரி எல்லாக் குழந்தைகளுக்கும் சும்மா வந்துவிட்டுப் போய்விடுவதில்லை; சிலருக்கு நிமோனியாவாக மாறும், மூளையைத் தாக்கும், கண்ணையும் பறிக்கும். அதனால்தான் ஊசியோடு வைட்டமின் ஏ சொட்டும் தருகிறோம்.

மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். தூளாக இருக்கும் ஊசி மருந்தில் அதற்கான நீரைக் கலந்த நேரத்தைப் புட்டியின்மேல் எழுதியிருக்க வேண்டும். நான்கு மணி நேரம் கடந்தால் அந்த மருந்தைப் போடக் கூடாது. அதை அவரே கேட்டுப் பார்க்கட்டும். பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள்.