ராட்டினத்துக்குப் பின்னால் ஒட்டிய வானம்: எடிட்டிங்கா, இட்டுக்கட்டலா?

அல்சூர்வாசி | திங்கள், இரவு 9.10

நேற்று நம் பெங்களூர் தமிழ்ப் படக்குழுவில் பன்னிரண்டு பேர் பெங்களூர் பக்கத்துப் பிடதியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வந்தோம். பொழுது சாயும் நேரத்தில் ராட்டினங்களைப் படம் எடுப்பதுதான் திட்டம். பகிர்ந்த படங்களில் எல்லோரும் அதிகம் பாராட்டியது, ஸ்கை வீல் என்ற பெரிய ராட்டினத்துக்குப் பின்னால் வானம் தீப்பிடித்தது போல் சிவந்து கிடக்கும் படம். நானும் அங்கேதான் நின்றேன். மூன்று மணிக்கு மூடிய மேகம் கடைசிவரை விலகவே இல்லை. செப்டம்பர் மாதத்தில் இது நமக்குப் புதிதும் அல்ல.

படத்தை உற்றுப் பாருங்கள். பின்னால் சூரியன் எரிகிறது, ஆனால் ராட்டினத்தின் இரும்பு விளிம்பில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. கீழே தேங்கிய மழைத்தண்ணீரில் தெரிவது சாம்பல் நிற வானம். கம்பிகளை ஒட்டி, பழைய வானம் வெள்ளைக் கோடாக மிச்சம் நிற்கிறது. வேறு எங்கோ, வேறு ஒரு நாளில் எடுத்த வானத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

எடுத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதை 'நேற்று மாலை, பிடதி' என்று போட்டது தவறு என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

கருக்கல் | திங்கள், இரவு 9.42

அது என் படம். ஆமாம், வானத்தை மாற்றினேன். ஃபோட்டோஷாப்பில் 2020 அக்டோபர் முதல் இதற்கென்றே ஒரு வசதி மெனுவிலேயே இருக்கிறது. திருட்டு வேலை ஒன்றும் செய்யவில்லை.

என் நிலையையும் பாருங்கள். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். ஐந்து டிக்கெட் எடுத்து அங்கே போவது வருஷத்துக்கு ஒரு தடவைதான் முடியும். மேகம் மூடிவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வர முடியாது. என் மகள் உச்சியில் கையைத் தூக்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உண்மை. பத்து வருஷம் கழித்து அவள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இன்னொன்று. தீம் பார்க் என்பதே கண்ணுக்கு வித்தை காட்டக் கட்டிய இடம். 1955இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டின் கோட்டை வெறும் 77 அடி. அடியில் பெரிய கற்களும் மேலே போகப் போகச் சின்னக் கற்களுமாக வடித்து, அதை இன்னும் உயரமாகத் தோன்றச் செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் பாறையும் குகையும் சிமெண்ட். அங்கே வானம் மட்டும் அசலாக இருந்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

அல்சூர்வாசி | திங்கள், இரவு 10.05

நேராகச் சொன்னதற்கு நன்றி. கோட்டை உதாரணம் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. ஆனால் சிமெண்ட் பாறை என்பது அங்கே வரும் குழந்தைக்கும் தெரியும். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டியவரை யாரும் ராஜா என்று நம்பிக் கும்பிடுவதில்லை. உங்கள் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேஷம் என்று தெரியாது. நேற்று வர முடியாத நான்கு பேர் 'இந்த வானத்தைப் பார்க்காமல் போனோமே' என்று எழுதியிருக்கிறார்கள்.

நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில், நெட்டுவாக்கில் பொருந்துவதற்காக கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். அன்று எழுந்த கேள்வி இன்றுவரை ஓயவில்லை. அங்கே மாறியது இரண்டு பிரமிடுகளுக்கு இடையிலான தூரம் மட்டும்தான். இங்கே பாதிப் படமே மாறியிருக்கிறது.

கருக்கல் | திங்கள், இரவு 10.21

அது உலகத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லி விற்கும் பத்திரிகை. என்னுடையது வீட்டுப் படம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்? போன மாதம் போட்ட ரோலர் கோஸ்டர் படத்துக்கு மூன்று எக்ஸ்போஷர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் ஒரே காட்சி) எடுத்தேன், வானத்தை இருட்டான படத்திலிருந்தும் தரையை வெளிச்சமான படத்திலிருந்தும் சேர்த்தேன் என்று நீங்களே எழுதினீர்கள். அதுவும் ஒட்டுவேலைதானே?

பழைய ஃபிலிம் | திங்கள், இரவு 10.50

தம்பிகளா, நான் கோலார் தங்கவயலில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். சுரங்கம் 2001இல் மூடியதும் ஊரோடு சேர்த்து எங்கள் தொழிலும் படுத்தது. அப்புறம்தான் பெங்களூர் வந்தேன்.

எங்கள் ஸ்டூடியோவில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை ஒன்று, ஏரியும் நிலவும் வரைந்த திரை ஒன்று இருந்தன. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வந்து அந்த ஏரிக்கு முன்னால் நிற்பார்கள். நெகடிவில் பென்சில் வைத்து முகத்தை டச்சப் செய்வோம். அம்மைத் தழும்பை எடுத்துவிடுவோம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் பூசிக் கொடுப்போம். அதையெல்லாம் பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் படங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் ஒரு சிற்றூர் மேல் நிலா எழும்புவதைப் படம் எடுத்தார். அதே நெகடிவைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். முதலில் போட்டவற்றில் வானத்தில் மேகங்கள் தெரியும். பிற்பாடு போட்டவற்றில் வானம் கிட்டத்தட்டக் கரிய நிறம். இருட்டறையில் கையால் மறைத்தும் காட்டியும் செய்த வேலை அது. எடிட்டிங் கணினியோடு பிறந்தது என்று நினைக்க வேண்டாம். நான் கருக்கல் பக்கம்.

அல்சூர்வாசி | திங்கள், இரவு 11.15

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த ஏரித்திரை முன்னால் நின்றவருக்கு அது திரை என்று தெரியும். படத்தைப் பார்க்கும் சொந்தக்காரருக்கும் தெரியும். ஆடம்ஸ் மேகத்தை இருட்டாக்கியது தன் நெகடிவில் இருந்த வானத்தில். பக்கத்து மாநிலத்து வானத்தைக் கொண்டுவரவில்லை.

கருக்கலுக்கு: மூன்று எக்ஸ்போஷரையும் நான் ஒரே இடத்தில் நின்று, இரண்டு விநாடிக்குள் எடுத்தேன். நம் கண் வானத்தையும் பார்க்கிறது, நிழலில் நிற்கும் ஆளையும் பார்க்கிறது. கேமராவால் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியாததால் சேர்க்கிறேன். அங்கே இல்லாத எதையும் சேர்க்கவில்லை.

மஞ்சள்வெயில் | செவ்வாய், காலை 6.30

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். தம்பி கருக்கல் வானத்தை மாற்றியது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அல்சூர்வாசியின் ரோலர் கோஸ்டர் படமும் எனக்கு உறுத்துகிறது. ஷேடோவை (நிழல் பகுதியின் வெளிச்சத்தை) எல்லை வரை ஏற்றி, சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கூட்டி, பிள்ளைகளின் முகம் ஆரஞ்சுப் பழம் போல ஆகிவிட்டது. கோபுரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறது. ஓடும் வண்டியை மூன்று படத்தில் எடுத்துச் சேர்த்ததால் கடைசிப் பெட்டி இரண்டாகத் தெரிகிறது. ஒட்டவில்லை என்பதற்காக அது நடந்தபடியே வந்த படம் ஆகிவிடாது.

நாம் ஏன் இந்த இடத்துக்கு வந்து சேருகிறோம் என்றால், நமக்குப் பாடம் சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் வேறு ஊர் வெளிச்சத்தில் எடுத்தவை. சூரியன் மறைவதற்கு முந்தைய பொன்வெளிச்சத்தை 'கோல்டன் ஹவர்' என்று, ஒரு மணி நேரம் இருப்பது போலச் சொல்வார்கள். லண்டன் கோடையில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அடிவானத்துக்கு மேல் கடைசி ஆறு டிகிரி இறங்க ஐம்பது நிமிடம் வரை எடுக்கும். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். அதே ஆறு டிகிரி, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். நாம் வரிசையில் நின்று, பிள்ளைகளுக்கு பஜ்ஜி வாங்கி, லென்ஸ் மாற்றுவதற்குள் பொழுது போய்விடுகிறது. அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தை நாமே உண்டாக்கப் பார்க்கிறோம்.

நான் நாள்காட்டியைப் பார்த்துத்தான் போவேன். ஜூலை தொடக்கத்தில் இங்கே சூரியன் 6.50 வாக்கில் மறைகிறது, நவம்பர் நடுவில் 5.50 வாக்கில். பூங்கா மூடும் நேரத்தோடு பொருந்துவது நவம்பர், டிசம்பர்தான். மழை ஓய்ந்து காற்றும் கழுவியது போல் இருக்கும், உயரத்தில் மெல்லிய கீற்று மேகம் இருந்தால் சிவப்பு அதில்தான் ஏறும். டிசம்பரில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல் தெற்கே தள்ளி, பிடதியிலிருந்து பார்த்தால் ராமநகரக் குன்றுகள் இருக்கும் பக்கமாக இறங்கும்.

எடுக்கும்போது ஆட்டோ வைட் பேலன்ஸை, அதாவது கேமரா தானாகவே நிறத்தைச் சமன் செய்வதை, அணைத்துவிடுங்கள். அந்தி மஞ்சளைக் 'குறை' என்று எடுத்துக்கொண்டு அதுவே வெளுத்துவிடும். டேலைட்டில், அதாவது 5500 கெல்வின் அருகில் வைத்தால் கண்ட நிறம் வரும். வானம் வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ராவில், அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. இருட்டிலிருந்து மெதுவாக மேலே கொண்டுவர அதில் நிறைய இடம் இருக்கிறது. ஒரே படம் போதும், பெட்டி இரண்டாகாது.

அந்த ஞாயிறு போல மேகம் மூடிய நாளில் சூரியனை மறந்துவிட்டு இன்னும் இருபது நிமிடம் நில்லுங்கள். மேகத்துக்குள் ஒரு நீலம் ஏறும், ராட்டின விளக்குகளும் எரியத் தொடங்கும். வானமும் விளக்கும் ஒரே அளவு பிரகாசமாக இருப்பது ஒரு பத்து நிமிடம். டிரைபாட் விடாத பூங்காவில் கைப்பையைக் கட்டைச் சுவரில் வைத்து, அதன் மேல் கேமராவை வைத்து, கால் விநாடி ஷட்டர் கொடுத்தால் ராட்டினம் ஒளிவட்டமாக வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டர் 1/100 விநாடியை விட வேகமாகப் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

கருக்கல் | செவ்வாய், காலை 8.05

அக்கா, நீங்கள் சொல்லும் அந்த நீலத்தில் நானும் நான்கைந்து படம் எடுத்தேன். மங்கலாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டேன்.

ஆனால் அல்சூர்வாசியிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஒரே இடத்தில் நின்று 6.15க்கு வானத்தையும் 6.40க்கு எரியும் விளக்கையும் எடுத்து, இரண்டையும் சேர்த்தால்? பலரும் செய்கிறார்கள். இரண்டும் அங்கே இருந்தவைதான். ஒரே நேரத்தில் இருந்ததில்லை.

அல்சூர்வாசி | செவ்வாய், காலை 8.30

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நானே அப்படிச் செய்திருக்கிறேன். இரண்டு விநாடி சரி, 25 நிமிடம் தவறு என்றால் கோடு எங்கே என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: அந்த மாலையில் அங்கேயே நின்ற ஒருவர் இரண்டையும் பார்த்திருப்பார். ஒட்டிய சிவப்பை அங்கே நின்ற யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு நேரத்தைச் சேர்த்தால் அதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். என் பழைய படங்களுக்கு இன்றே எழுதிவிடுகிறேன்.

அக்கா சொன்ன ரோலர் கோஸ்டர் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. எடுத்துவிட்டேன். ஒரே ராவிலிருந்து முதலில் இருந்து செய்யப் போகிறேன்.

பழைய ஃபிலிம் | செவ்வாய், காலை 9.10

கீழே எழுதிவிட்டால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. எங்கள் காலத்தில் திரையின் மடிப்பே அதைச் சொல்லிவிடும். இப்போதைய ஒட்டில் மடிப்பு தெரிவதில்லை, அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும். அது நியாயம்தான்.

கருக்கல் | செவ்வாய், இரவு 8.45

வேலை முடிந்து வந்து, ஒதுக்கிய படங்களில் 6.38க்கு எடுத்ததைத் திறந்தேன். வைட் பேலன்ஸை 5500இல் வைத்து, ஷேடோவைக் கொஞ்சமே ஏற்றி, மகள் உட்கார்ந்த பெட்டியை மட்டும் தனியாகப் பிரித்து (மாஸ்க் போட்டு) திருத்தினேன். மேகம் மயில்கழுத்து நிறத்தில் வந்தது. தேங்கிய தண்ணீரில் விளக்குகள் முழுவதும் தெரிகின்றன. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை.

சிவந்த வானப் படத்தை அழிக்கப் போவதில்லை. மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, அவள் அறையில் மாட்டப் போகிறேன். இங்கே மட்டும் 'வானம் மாற்றியது' என்று எழுதிவிட்டேன். அதை எழுத மாட்டேன் என்று நேற்றிரவு வரை பிடிவாதமாக இருந்தேன்.

மஞ்சள்வெயில் | செவ்வாய், இரவு 9.02

6.38 படத்தைப் பார்த்தேன் தம்பி. கொஞ்சம் இடது பக்கம் வெட்டினால் அந்த மின்கம்பம் போய்விடும். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய் பரிஷை, அதாவது வேர்க்கடலைச் சந்தைத் திருவிழா. புல் டெம்பிள் ரோடு முழுக்கக் கடலை மூட்டைகள் இருக்கும், சின்ன ராட்டினங்களும் வரும். ஐந்தரைக்கு தொட்ட கணபதி கோயில் வாசலில் நிற்கிறேன், வருபவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி | செவ்வாய், இரவு 9.06

நான் வருகிறேன். கருக்கல், அந்த 6.38இன் ரா கோப்பை எனக்கு அனுப்ப முடியுமா? நானும் ஒரு தடவை செய்து பார்க்க ஆசை.