ஜீப் சேஸில் துரு: வெல்டிங் வைத்தால் கோணிக்கொள்ளுமா? அவசரம்

உப்பளத்தான்: வணக்கம். சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், பின்பக்கம் துரு அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. நாளைக் காலை வெல்டர் வருகிறார். சேஸ் கோணாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்: எந்த ஜீப்? ஓட்டை எந்த இடத்தில்? பாடி மேலேயே இருக்கிறதா? இது தெரியாமல் என்ன சொல்வது?

மணல்மேடு: படம் போடுங்கள். டீசல் டேங்கைக் கழற்றியாச்சா? பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள்.

உப்பளத்தான்: மகிந்திரா எம்எம் 540, 1992. இடது பக்கம், பின் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கரை (ஸ்பிரிங்கைச் சேஸோடு பிடிக்கும் தாங்கி) ஒட்டி. தூத்துக்குடி வண்டி. பாடி மேலேதான் இருக்கிறது.

ஆர்க் செல்வம்: வெல்டிங் ராடில்தான் எல்லாம் இருக்கிறது. 6013 ராடு வேண்டாம். 7018 வாங்கி, சூடு காட்டி ஈரம் போக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர்: தம்பி, ராடு அப்புறம். அளக்கத் தெரியாதவர்கள் சேஸில் கை வைக்கக் கூடாதென்று இங்கே எத்தனை முறை சொல்வது? சமதரையில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி ரசமட்டம் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போல்ட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறியுங்கள். மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டையும் எழுதி வையுங்கள். வெட்டுவதற்கு முன்பே ஓட்டையைத் தாண்டி ஆங்கிள் இரும்பை டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்துப் பிடிக்க வேண்டும். வெல்டு ஆறும்போது சுருங்கும். ஒரே மூச்சில் இழுத்தால் சேஸையும் சேர்த்து இழுத்துவிடும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம், நடுவில் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது.

பட்டறைக்காரன்: ஓட்டையை மூடும் பத்தையின் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டு ஓடினால் பின்னால் அங்கேதான் விரிசல் விடும். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே வேண்டாம்.

மணல்மேடு: சிஓ2 வெல்டிங்கில் (ராடுக்குப் பதில் கம்பியும் கேஸும் விட்டு அடிப்பது) சூடு குறைவு. அதையே செய்யுங்கள்.

ஆர்க் செல்வம்: கடற்காற்றிலா? கேஸ் கலைந்து வெல்டுக்குள் புரை (சின்னச் சின்னத் துளை) விழும்.

மணல்மேடு: தார்ப்பாய் கட்டினால் போதுமே. எங்கள் ஊரில் லாரிக்கே அப்படித்தான் அடிக்கிறார்கள்.

ஆர்க் செல்வம்: துருப்பிடித்த இரும்பில் சிஓ2 பிடிக்காது. மேலே அழகாக உட்காரும், உள்ளே இறங்காது.

மணல்மேடு: துருவை எடுக்காமல் அடித்தால் எந்த வெல்டுதான் பிடிக்கும்?

பழைய ஸ்பானர்: இருவரும் தனி இழை போட்டுப் பேசுங்கள். கேட்டவர் எங்கே? வலது பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாரா?

உப்பளத்தான்: தட்டினேன். வலது பக்கமும் உள்ளே போகிறது. குறுக்கு அளவு இரண்டுக்கும் 6 மி.மீ. வித்தியாசம், சேஸ் ஏற்கனவே கோணியிருக்கிறது போல. வெல்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பாடியை இறக்கப் போகிறோம். நன்றி.

பட்டறைக்காரன்: இறக்கியதும் மறுபடி அளங்கள். படம் மறக்காதீர்கள்.