இன்ஃப்ளேஷன் நடுவே பிறந்த துகள்கள்: சி.எம்.பி.யில் தடம் எப்படி விழுகிறது?

(இன்ஃப்ளேஷன்: அண்டம் தோன்றிய உடனே நிகழ்ந்ததாகக் கருதப்படும் அதிவேக விரிவு. சி.எம்.பி.: அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணி ஒளி. வாசகரின் கேள்விகளுக்கு, ஊர்ப்பெயரால் குறிக்கப்படும் செங்கோட்டை, குப்பம் இருவரும் பதில் சொல்கிறார்கள்.)

கொழிஞ்சாம்பாறை வாசகர்
இன்ஃப்ளேஷனை இயக்கும் இன்ஃப்ளாட்டான் புலம் உருண்டு வரும் வழியில், ஒரு புள்ளியில் வேறொரு துகளின் நிறை பூஜ்யமாகி, அங்கே துகள்கள் கொத்தாகப் பிறக்கின்றன. அண்டம் மூன்று இ-மடங்கு (ஒவ்வொன்றும் சுமார் 2.7 மடங்கு) விரிவதற்குள் அவற்றின் அடர்த்தி 8,000 மடங்கு குறைந்துவிடுமே, பிறகு பார்க்க என்ன மிஞ்சும்? இன்னொன்று: சி.எம்.பி.யைக் கணக்கிடும் கிளாஸ் நிரலில், ஜி (புலமும் துகளும் பிணையும் வலிமை) = 0.2 என்று வைத்து, இந்தத் துகள்களால் தொடக்க ஏற்ற இறக்க வளைவில் எழும் மேட்டைச் சேர்த்தால் வளைவு முழுக்கக் கெட்டுப்போகிறது. ஏன்?

செங்கோட்டை
தம்பி, அடர்த்தி குறைவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே தடம் விழுந்துவிடும்.

உங்கள் ஊருக்கு ஆடிக்காற்று கணவாய் வழியாகத்தானே வருகிறது, இருபுறமும் மலை. இங்கே மலை என்பது துகளின் நிறை: ஜி × (புலம் − அந்தப் புள்ளி); கணவாய் என்பது அது பூஜ்யமாகும் புள்ளி. புள்ளியை நெருங்கும்போது மட்டும் நிறை சடாரென்று மாறுவதால் வெற்றிடம் ஈடுகொடுக்க முடியாமல் துகள்களை உமிழ்கிறது. தொடக்க ஏற்ற இறக்கத்தின் அடிப்படை அளவு 2.1×10⁻⁹ என்பதிலிருந்து, புல வேகத்தின் வர்க்கமூலம் ஹபிள் வீதத்தைப் (அண்டம் விரியும் வீதம்) போல 59 மடங்கு என்று வருகிறது. ஜி = 0.1 என்றால் உற்பத்தி ஹபிள் காலத்தில் 19-இல் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஒரு ஹபிள் கன அளவில் சுமார் 26 துகள்கள்.

புலத்தின் வேகம் சற்றுக் குறைவதால் வரும் விளைவு சிறியது. பெரிய விளைவு வேறு. பிறந்த துகள்கள் ஓடும் புலத்தோடு மோதி, நீண்ட அலைநீள இன்ஃப்ளாட்டான் அதிர்வுகளைக் கிளப்புகின்றன. அவை அடிவானத்தை (ஹபிள் எல்லை) தாண்டி நீண்டு உறைந்துவிடும். பிறகு துகள்கள் நீர்த்துப்போனாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. 2009-இல் பார்னபியும் ஹுவாங்கும் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான்.

குப்பம்
மேட்டின் உயரம் ஏறக்குறைய 10⁻⁶ × ஜி-யின் 15/4 அடுக்கு. 0.1 என்றால் 1.8×10⁻¹⁰, அதாவது அடிப்படை அளவில் 8 அல்லது 9 சதவீதம். 0.2 என்றால் 2.4×10⁻⁹, அடிப்படையையே தாண்டிவிட்டது! வளைவு கெடுவது இதனால்தான், நிரலில் பிழை இல்லை. 0.1-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்துக்கு சமச்சீரான காஸ் வளைவு (மணி வடிவம்) போடாதீர்கள். இடப்பக்கம் கே-யின் (அலை எண்; பெரிதானால் அலைநீளம் சிறிது) மும்மடியாக ஏறி, வலப்பக்கம் காஸ் போலச் சட்டென்று விழ வேண்டும்.

அட்டவணையாகக் கொடுப்பதாக இருந்தால் பத்து மடங்கு கே-வுக்கு குறைந்தது 100 புள்ளிகள், மடக்கை இடைவெளியில். கே-யை மெகாபார்செக்கின் தலைகீழில் தாருங்கள். ஹபிள் ஹெச் (சுமார் 0.67) கலந்த அலகில் கொடுத்தால் மேடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கே-யில் தள்ளி உட்காரும், பிழைச்செய்தியும் வராது. நிரல் கேட்கும் கே எல்லை முழுவதும் அட்டவணையில் இல்லையென்றால் ஓட்டம் நின்றுவிடும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்
நன்றி சார். மேட்டை எல் (வானத்தில் கோண அளவைக் குறிக்கும் எண்; பெரிதானால் கோணம் சிறிது) = 28 பக்கம் வைக்கலாமா?

குப்பம்
வைக்கலாம், ஆனால் கண்டுபிடிப்பது கடினம். முழு வானத்தையும் பார்த்தாலும் அங்கே ஒவ்வொரு எல்-க்கும் 19 சதவீதம் தவிர்க்க முடியாத சிதறல் உண்டு. கே = 0.05-இல் வைத்தால் எல் சுமார் 700, சிதறல் 4 சதவீதம்தான். மேடு பல நூறு எல்-களில் பரவுவதால் சராசரியில் இன்னும் குறையும். வெப்பநிலையோடு நிறுத்தாமல் ஈ-வகை முனைவாக்கத்தையும் (ஒளி அதிரும் திசையில் காணும் ஒருவகை அமைப்பு) சேர்த்து ஓட்டுங்கள். அதில் அம்சங்கள் கூர்மையாகத் தெரியும், அதே கே-யில் அங்கும் மேடு வர வேண்டும்.