சந்தைத் தளத்தின் நலத்தை எந்த எண்ணைக் கொண்டு அளப்பது?

கேள்வி:
பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் தனிநபர்கள் தமக்குள் விற்றுக்கொள்ளும் இணையதளம் ஒன்றை நடத்துகிறோம். மொத்த விற்பனை மதிப்பு மாதந்தோறும் ஏறுவதால் முதலீட்டாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால், பட்டியலிட்ட பொருள் விலைபோகவில்லை என்று விலகிச் செல்லும் விற்பனையாளர்களும் பெருகுகிறார்கள். நாங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டிய எண்கள் எவை?

மறுமொழி 1:
உங்கள் விற்பனை மதிப்பு ஆர்டர் விழுந்தவுடன் கணக்கிடப்படுகிறதா, ரத்தும் ரிட்டர்னும் கழிந்த பிறகா என்பதை முதலில் பாருங்கள். கழித்த பிறகும் அது தளத்தின் பருமனைத்தான் காட்டும்; தள்ளுபடியையும் விளம்பரத்தையும் கூட்டினால் சில மாதங்களுக்கு அது ஏறத்தான் செய்யும். பட்டியலிடப்பட்டவற்றில் எத்தனை விழுக்காடு 30 நாளுக்குள் விற்றன, தேடியவர்களில் எத்தனை பேர் ஆர்டர் வரை சென்றார்கள் என்ற இரண்டு எண்களே உங்கள் சிக்கலுக்கு நெருக்கமானவை. இவற்றிலும் தளம் முழுவதற்குமான சராசரியை எடுக்காதீர்கள். மிரர்லெஸ் கேமராக்கள் உடனுக்குடன் விற்று, பிலிம் கேமராக்கள் மாதக்கணக்கில் தேங்கினால், சராசரி இரண்டையுமே மறைத்துவிடும்.

மறுமொழி 2:
விற்பனையாளர்களிடமிருந்து தளம் பெறும் வருவாயும் ஏமாற்றக்கூடியதே. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தையான எட்ஸி நிறுவனம் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021இல் ஏறத்தாழ 1,350 கோடி டாலராக இருந்த அதன் மொத்த விற்பனை மதிப்பு 2023இல் ஏறத்தாழ 1,320 கோடியாகக் குறைந்தது. வருவாயோ 233 கோடியிலிருந்து 275 கோடியாக உயர்ந்தது. ஆகவே வருவாய்க்கும் விற்பனை மதிப்புக்கும் உள்ள விகிதம் ஏறினால், விற்பனையாளர்கள் தங்குகிறார்களா என்பதையும் சேர்த்தே பாருங்கள். வாங்கியவர்கள் திரும்பி வரும் விகிதமும் முக்கியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் எங்களிடம் லென்ஸ் வாங்கியவர் அடுத்ததை வாங்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாமே?

மறுமொழி 1:
அப்படியானால் மாதாந்திர மறுவாங்கல் விகிதம் உங்களுக்குப் பொருந்தாது. வாங்கியவர் தம் பழைய பொருளை விற்க உங்களிடமே வருகிறாரா என்று பாருங்கள். இத்தகைய தளத்தில் விசுவாசம் பெரும்பாலும் அந்த வடிவில்தான் தெரியும். மேலும், வாங்குபவருடன் செய்திப் பரிமாற்றம் நடந்து, ஆர்டர் ஆகாமலேயே நீக்கப்படும் பட்டியல்களைத் தனியே எண்ணுங்கள். கமிஷனைத் தவிர்க்க இருவரும் நேரில் முடித்துக்கொண்டிருக்கலாம். விற்காமல் விலகியதாக நீங்கள் கருதுவோரில் சிலர் உண்மையில் விற்றுவிட்டுப் போனவர்களாக இருக்கக்கூடும்.