நிரப்பிய மண் மழைக்குத் தெருவுக்கு வந்துவிடுகிறது, என்ன செய்வது?

மனைக்காரன்:
மாதவரம் பக்கம் 30க்கு 60 மனை. பழைய வீட்டை இடித்துவிட்டு, இந்தத் தடவையாவது தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று சவுடு மண் கொட்டி நாலடி உயர்த்தியிருக்கிறோம், பின்பக்கம் மேடு, முன்பக்கம் ரோட்டை நோக்கிச் சரிவு. போன வாரம் பெய்த இரண்டு மழைக்கே தெருவில் கணுக்கால் சேறு. எதிர்வீட்டு அக்கா கோலம் போட வந்து வழுக்கி உட்கார்ந்துவிட்டார், முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. வடிகால் வாயும் அடைத்துக்கொண்டது. மேஸ்திரி சொன்னார் என்று பச்சை வலை கட்டினேன், வேலைக்கு ஆகவில்லை. தார்ப்பாய் போட்டேன், அதற்கு அடியிலேயே மண் அறுத்துக்கொண்டு போகிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஏதாவது செய்யணும்.

ரெட்ஹில்ஸ்வாசி:
முன்பக்கம் காம்பவுண்டு சுவரை எழுப்பிவிடுங்க சார், பிரச்சினை முடிந்தது.

சைட்_வேலை:
வேண்டாம் சார். இறுகாத மண் நாலடி, அதில் தண்ணீரும் ஊறினால் சாதாரண நாலரை இஞ்ச் சுவர் தள்ளிக்கொண்டு ரோட்டில் விழும். தண்ணீர் வெளியேற ஓட்டையும் சரியான அஸ்திவாரமும் வைத்துத் தாங்குசுவராகக் கட்டினால்தான் நிற்கும். அது இருக்கட்டும், சரிவில் மண் எப்படி அறுந்திருக்கிறது? முழுக்க விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கோடுகளா, இல்லை ஒரே இடத்தில் பள்ளமா?

மனைக்காரன்:
ஒரே பள்ளம்தான் சார், முழங்கை ஆழம். பின்னால் இடது மூலையில் ஆரம்பிக்கிறது. இப்போதுதான் கவனித்தேன், பக்கத்து வீட்டு மாடிக் குழாய் சரியாக அங்கேதான் ஊற்றுகிறது!

சைட்_வேலை:
அதான் பார்த்தேன். 800 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை விழுந்தால் கிட்டத்தட்ட 3,700 லிட்டர், அத்தனையும் ஒரே மூலையில் கொட்டினால் எந்த வலை தாங்கும்? முதலில் அவர்களிடம் பேசி, குழாயைத் திருப்ப ஒரு எல்போவும் நாலு இஞ்ச் பிவிசி குழாயும் போட்டு அந்தத் தண்ணீரைச் சுவரோரமாக ரோட்டு மட்டத்துக்கு இறக்குங்கள். சரிவின் தலைப்பில் அரை அடி வரப்பு வெட்டி நன்றாக மிதியுங்கள். பள்ளத்தை மண் போட்டு அப்படியே மூடிவிடாதீர்கள், முக்கால் அடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கணும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அதே இடம்தான் அறுக்கும். சரிவு ஓரடி உயரத்துக்கு இரண்டடி நீளமாவது இருக்கட்டும், மேலே தென்னை நார் வலை விரித்து ஆப்பு அடியுங்கள், தார்ப்பாயை விட இது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் கீழே தடுப்பு. பச்சை வலையின் கண் பெரிது, களி அப்படியே ஊடுருவும். தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி வாங்கி, ஆறடிக்கு ஒரு சவுக்குக் கொம்பு நட்டு, கொம்பின் மேட்டுப் பக்கம் துணியை அடித்து, அடியை அரை அடி பள்ளத்தில் புதையுங்கள். புதைக்காத துணி தோரணம்தான். இரண்டு முனையையும் சரிவு மேல் நோக்கித் திருப்பிவிடுங்கள், மண் மூன்றில் ஒரு பங்கு உயரம் ஏறியதும் வாரிவிடுங்கள். நானிருப்பது வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம். வடிகால் சேறு ஏறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ரெட்ஹில்ஸ்வாசி:
சரி சார், சுவர் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன் 😀 வாசலில் குழி தோண்டினால் சேறு தங்காதா?

சைட்_வேலை:
மணல் தங்கும். களி கலந்த செந்தண்ணீர் தெளிய மணிக்கணக்காகும், அதற்குள் வழிந்து ரோட்டுக்குப் போய்விடும். வாசலில் குழிக்குப் பதில் ஒன்றரை இஞ்ச் ஜல்லியை அரை அடி கனத்துக்குப் போடுங்கள், லாரி டயர் சேற்றை இழுத்துப் போகாது.

மனைக்காரன்:
பக்கத்து வீட்டு மாமா முதலில் முறைத்தார், எல்போ செலவு என்னுடையது என்றதும் ஏணியை அவரே பிடித்தார். நேற்று ராத்திரி நல்ல மழை. துணிக்குப் பின்னால் அரை அடி தண்ணீர் நின்று காலையில் வடிந்திருந்தது, தெருவில் சேறு இல்லை. கேட் ஓரம் மட்டும் ஒரு கசிவு, தோண்டிப் பார்த்தால் மேஸ்திரி அங்கே நாலு விரல்தான் புதைத்திருக்கிறார்.