புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் மாட்யூலில் டைப்அலையஸும் எக்ஸ்டென்ஷனும்

பெயரே இல்லாத எக்ஸ்டென்ஷனை (ஏற்கெனவே உள்ள ஒரு டைப்புக்கு, அதாவது தரவு வகைக்கு, புது வசதி சேர்க்கும் நிரல்பகுதி) இன்னொரு மாட்யூலிலிருந்து (தனியாகத் தொகுக்கப்படும் நிரல்தொகுப்பு) ஸ்விஃப்ட் நிரல்மொழியின் கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். கம்பைலரின் மூலநிரலிலேயே விடை இருக்கிறது. மாட்யூல் கோப்பு, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுப்பின் பிட்ஸ்ட்ரீம் வடிவத்தில் உள்ள பைனரி. அதில் எக்ஸ்டென்ஷன்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. எந்த டைப்பை நீட்டிக்கிறோமோ அதன் பெயர்தான் சாவி. இம்போர்ட் செய்ததும் எல்லாம் ஏறிவிடாது, அந்த டைப் தேவைப்படும்போதுதான் ஏறும். பெரிய ப்ராஜெக்ட்களில் இந்தச் சோம்பல் பெரிய வரம்.

டைப்அலையஸுக்கு (ஒரு டைப்புக்கு நாம் வைக்கும் மாற்றுப்பெயர்) அந்தப் பெயர், அடிப்படை டைப் இரண்டுமே மாட்யூல் கோப்பில் பதிவாகின்றன. பிழைச்செய்தியில் நாம் வைத்த பெயரே வருவது அதனால்தான். இன்னொரு பயனும் உண்டு: சி மொழியின் ஹெடர் கோப்பில் டைப்டெஃப் (சி மொழியில் டைப்புக்கு மாற்றுப்பெயர் வைக்கும் முறை) மாறியிருந்தால், பதிவான டைப்போடு ஒப்பிட்டு முரண்பாட்டைக் கம்பைலர் பிடித்துவிடுகிறது.